காலியாக இருந்த பதின்மூன்றாம் சேனல்

1. பூட்டுகிற கை

வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “அண்ணே, சேனலை ஆட்டோவுல வுடுறதா, மேனுவலா போடுறதா?” முன்பெல்லாம் ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். “மேனுவல். ஆட்டோ சோம்பேறிக்கு.” இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்பதை எழுதிவைக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

என் பெயர் சவரிதாஸ். ஒலக்கூர் பக்கத்துக்காரன். திண்டிவனத்தில் கேபிள் டிவி ஒயர் இழுக்கிற வேலையில் ஆரம்பித்து, பிறகு ஃபைபர், பிறகு வீட்டு வைஃபை என்று வந்து, இப்போது ஐம்பத்தெட்டு வயது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். வேலையில் கெட்டிக்காரன் என்பதும் தெரியும். இரண்டையும் நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது வேறு விஷயம்.

மெஷ் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு பெட்டி போதாதபோது, மாடிக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பெட்டிகளை வைத்து, ஒரே பெயரில் வைஃபை கொடுப்பதுதான் மெஷ். அந்தப் பெட்டிகள் காற்றில் பேசிக்கொள்கிற பாதைக்குச் சேனல் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெட்டியும் எதிர்க்கடைப் பெட்டியும் அதே காற்றில்தான் பேசுகின்றன, அதனால் நெரிசல் உண்டு. ஆட்டோ என்றால் பெட்டி தானே சுற்றுமுற்றும் கேட்டு, நெரிசல் குறைந்த சேனலுக்கு மாறிக்கொள்ளும். மேனுவல் என்றால் நாம் ஒரு எண்ணைக் கொடுத்து அங்கேயே பூட்டிவிடுவோம். நாங்கள் அதை ‘லாக் பண்றது’ என்போம்.

ஆட்டோ மேல் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆபீஸ் கொடுத்த மெஷ் பெட்டிகள் நேரம் காலம் பார்க்காமல் சேனல் மாறும். ஒன்று மாறினால் மூன்றும் மாற வேண்டும். அந்த ஒரு நிமிடம் வீட்டில் எதுவும் ஓடாது. படம் பார்க்கிறவனுக்கு அது பெரிதில்லை. பேசிக்கொண்டிருப்பவனுக்குப் பெரிது. விழுப்புரத்தில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிற ஒரு டீச்சர் வீட்டில், பாதி வகுப்பில் நெட் போய்ப் போய் வந்து, அவர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். நான் போய் சேனலை லாக் செய்தேன். அன்றோடு தொல்லை நின்றது. அந்தத் தெருவிலேயே நாலைந்து வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீசில் என் பெயர் ‘லாக் தாஸு’ என்று ஆனது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கூப்பிட்ட வீடு, கூப்பிடாத வீடு என்று பார்க்காமல் போகிற இடமெல்லாம் லாக் செய்தேன்.

2. செஞ்சி ரோடு வீடு

திண்டிவனம் செஞ்சி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்த வீடு. கீழ்த்தளம், மேலே ஒரு தளம், மொட்டை மாடியில் ஒரு ரூம். மூன்று இடத்திலும் எங்கள் பெட்டி. கம்ப்ளெயின்ட் கொடுத்த பெண்ணின் பெயர் சுமதி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மொட்டை மாடி ரூமில் உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகக் கஸ்டமர் கால் பேசுகிற வேலை அவருக்கு.

“அண்ணே, இந்த மாசம் மட்டும் மூணு வார்னிங்கு. பேசிக்கினே இருக்கும்போது கட் ஆயிடுது. இன்னொரு வாட்டி ஆச்சின்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க. எங்க வூட்ல சம்பாதிக்கிறது இப்ப நான் ஒருத்திதான்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேம்மா. நீ போய் வேலையப் பாரு.”

கீழே ஹாலை ஒட்டி ஒரு அறை. கதவு பாதி சாத்தியிருந்தது. ஃபேன் ஓடுகிற சத்தமும், நடுவில் ஒரு சின்ன இருமலும் கேட்டன. “உள்ள எங்க வூட்டுக்காரர் படுத்துக்கினு இருக்காருண்ணே. ஆக்சிடென்ட்டு. நெஞ்சுக்குக் கீழ வராது, கையும் லேசாத்தான் அசையும்” என்று சொல்லிவிட்டு சுமதி மாடி ஏறிப்போய்விட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. செருப்பை வாசலில் விடுவோம், ஹாலோடு நிற்போம், நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் கால் வைக்க மாட்டோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்வதுதான். அன்றும் நான் ஹாலிலேயே நின்றேன். அந்த அறையைத் தாண்டித் தாண்டித்தான் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன்.

பெட்டியில் பதிவாகியிருந்த கணக்கைத் திறந்து பார்த்தேன். காலையிலிருந்து மட்டும் நான்கு தடவை சேனல் மாறியிருந்தது. வைஃபையில் இரண்டு வகை அலை உண்டு. 5 என்பது வேகம் அதிகம், தூரம் குறைவு. சுமதியின் லேப்டாப்பும் பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதும் அதில்தான். 2.4 என்பது வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். பல்பு, கேமரா, பெல் மாதிரி சின்னச் சாமான்கள் அதில் இருக்கும். மாறிக்கொண்டிருந்தது 5. அதை 149-ஆம் சேனலில் லாக் செய்தேன். கால் மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. கம்ப்ளெயின்ட் அத்தோடு முடிந்தது.

அதோடு கையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கை அரித்தது. 2.4-இலும் ஒரு ஸ்கேன் ஓட்டினேன். 1, 6, 11 ஆகிய மூன்று சேனலிலும் கடைகள், அக்கம்பக்கத்து வீடுகள், எதிரே இருந்த லாட்ஜ் என்று அடுக்கடுக்காக இருந்தன. 13 மட்டும் துடைத்துவிட்டது போலக் காலி. இப்படி ஒரு காலி இடத்தைப் பார்த்தால் என் மாதிரி ஆளுக்கு வாயில் எச்சில் ஊறும். யாரும் கேட்காமலே 2.4-ஐ 13-இல் போட்டு லாக் செய்தேன்.

சரிபார்க்காமல் வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாற்றுவதற்கு முன்னால் பெட்டியில் எத்தனை சாமான் கனெக்ட் ஆகியிருக்கிறது என்று எண்ணினேன், பதினொன்று. மாற்றிய பிறகு எண்ணினேன், பதினொன்று. என் போனில் ஸ்பீட் பார்த்தேன், டிவியைப் போட்டுப் பார்த்தேன். மாடிக்குப் போய், “எல்லாம் ஓடுதாம்மா?” என்று கேட்டேன். ஹெட்ஃபோனில் பேசிக்கொண்டிருந்த சுமதி சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஜாப் ஷீட்டில் ‘5 – 149 லாக், 2.4 – 13 லாக், ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது செவ்வாய்க்கிழமை.

3. வெள்ளிக்கிழமை காலை

ஆபீசுக்குள் நுழைந்து வண்டிச் சாவியை மேஜையில் வைக்கவில்லை, மேனேஜர் பலராமன் கூப்பிட்டார்.

“தாஸு, செஞ்சி ரோடு வூட்டுக்கு நீதான போன? அந்தம்மா வூட்டுக்காரரை நேத்து விழுப்புரத்துக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்களாம். மூத்திர டியூப் அடைச்சிக்கினு பிபி தலைக்கு ஏறிடுச்சாம், இந்த மாதிரி படுத்தவங்களுக்கு அப்பிடி ஆவுமாம். இங்க ஜிஎச்ல பாத்துட்டு உடனே அனுப்பிட்டாங்க.”

“ஐயையோ. எப்பிடி சார்?”

“அவரு கிட்ட ஒரு பெல்லு உண்டாம். அந்தம்மாவோட தம்பி அமெரிக்காவுலேருந்து அனுப்புனது. அழுத்துனா அந்தம்மா போன்ல அடிக்குமாம். அது அடிக்கலை. பேட்டரி போயிருக்கும்னு பேசிக்கிறாங்க. பாவம்.”

மேனேஜர் அமெரிக்கா என்று சொன்னபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அமெரிக்காவில் 2.4-இல் பதினொன்றோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே விற்கிற சாமான் நிறைய பன்னிரண்டு, பதின்மூன்று பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. நம் ஊரில் பதின்மூன்று வரை உண்டு. இது எனக்குப் புதிதாகத் தெரிந்த சங்கதி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிரிண்டரில் இதைப் பார்த்து, ஆபீசில் எல்லோருக்கும் பாடமே எடுத்திருக்கிறேன். அது தெரிந்த மனிதன்தான் 13-இல் பூட்டிவிட்டு வந்தவன்.

எண்ணிப் பார்த்தாயே, அதில் எப்படி விட்டுப்போனது என்று கேட்பீர்கள். பேட்டரியில் ஓடுகிற பெல் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அழுத்தும்போது மட்டும் எழுந்து, வைஃபையைத் தேடி, செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால் கனெக்ட் ஆன சாமான்களின் பட்டியலில் அது வராது. மாற்றுவதற்கு முன்னாலும் அது அந்தப் பதினொன்றில் இல்லை, பின்னாலும் இல்லை. நான் எண்ணியது விழித்திருந்தவற்றை மட்டும்.

ஆட்டோவிலேயே விட்டிருந்தால்? எங்கள் பெட்டியில் ஆட்டோ 2.4-இல் 1, 6, 11 மூன்றுக்குள்ளேயேதான் சுற்றும். பெல் கண்டிப்பாக அடித்திருக்கும்.

மேனேஜர் எழுந்து டீ குடிக்கப் போனார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆபீசிலிருந்தே எந்த வீட்டுப் பெட்டியையும் திறக்க முடியும். அந்த வீட்டைத் திறந்து, 2.4-ஐ ஆட்டோவில் போட்டேன். இரண்டு நொடி வேலை. அப்படிப் போட்டது தப்பில்லை, பெல் அடித்தாக வேண்டும். போட்டுவிட்டு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனேன் பாருங்கள், அதுதான் தப்பு. பயந்தேன். வேறு காரணம் எதையும் தேட வேண்டாம்.

மாலையில் மேனேஜரிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“ஆட்டோவுல போட்டுட்ட இல்ல? வுட்டுடு. இத வெளிய சொன்னா பெரிய பேஜாரா போயிடும். நீ மட்டும் இல்ல, இங்க ஒம்பது பேர் வேலை செய்றாங்க. அவரு பொழைச்சி வந்துடுவாரு. சாமிய வேண்டிக்கோ.”

நான் வேண்டிக்கொண்டேன். சர்ச்சில் முழங்காலில் நின்று, அவர் பிழைக்க வேண்டும் என்றும், இது வெளியே தெரியக்கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

4. பெட்டி எடுக்கப் போனது

அவர் பிழைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இடது கையில் இருந்த கொஞ்ச அசைவும் போய்விட்டது, பேச்சு குழறுகிறது, ஆனால் உயிர் இருக்கிறது என்றார்கள். மூன்று வாரம் போயிருக்கும். சுமதியிடமிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. நெட் வேண்டாம், பெட்டிகளை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மேனேஜர் வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். நான்தான் போவேன் என்றேன்.

சுமதி ஆளே பாதியாகியிருந்தார். கீழே அந்த அறையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டில் மட்டும் இருந்தது, மெத்தை இல்லை.

“அவரு எங்கம்மா?”

“வளவனூர்ல. எங்க மச்சாண்டார் கூட்டிக்கினு போயிட்டாருண்ணே” என்றார். கணவரின் அண்ணனைச் சொல்கிறார். “ஆஸ்பத்திரியிலேருந்து அப்பிடியே வேன்ல ஏத்திக்கினு போயிட்டாரு. ஒரு பேட்டரி மாத்தத் துப்பில்லாதவகிட்ட எந்தம்பிய எப்பிடி வுடறதுன்னு, நாலு பேர் எதிர்ல கேட்டாரு. நான் இன்னா பதில் சொல்றது? அவரு கேட்டதுல தப்பு இல்ல.”

“பேட்டரின்னு யாரும்மா சொன்னா?”

“யாரு சொல்லணும்? பத்து மாசமா நான் மாத்தல. விழுப்புரத்துலேருந்து மாத்துத் துணி எடுக்க சனிக்கிழமை வூட்டுக்கு வந்தேன். புதுப் பேட்டரி போட்டு அழுத்திப் பாத்தேன். உடனே போன்ல அடிச்சிது. அப்பவே எனக்கு உயிர் போயிடுச்சிண்ணே. ஒரு பத்து ரூவா பேட்டரி. நான் மாடியில ஹெட்ஃபோன மாட்டிக்கினு பேசிக்கினு இருக்கேன், அவரு மூணு மணி நேரம் அழுத்திக்கினே இருந்திருக்காரு.”

சனிக்கிழமை. நான் ஆட்டோவில் போட்டதற்கு மறுநாள். பழைய பேட்டரியே இருந்திருந்தாலும் அன்று அடித்திருக்கும். நான் கமுக்கமாகச் செய்த அந்த இரண்டு நொடி வேலைதான் இந்தப் பெண்ணின் தலையில் பழியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. புருஷனையும் அவளிடமிருந்து பிரித்திருக்கிறது. வேலையையும் விட்டுவிட்டாளாம், யாருக்காகச் சம்பாதிப்பது என்று.

நான் அந்த அறைக்குள் போனேன். முதல் தடவையாக. கட்டில் கம்பியில் அந்தப் பெல் தொங்கியது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அங்கேயே நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். பேட்டரி இல்லை என்றேன், நான் போட்ட சேனல் அந்தப் பெல்லுக்குத் தெரியாது என்றேன், வெள்ளிக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து மாற்றிவிட்டேன் என்றேன்.

சுமதி சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“செவ்வாக்கிழமை மாத்துனீங்க?”

“ஆமாம்மா.”

“நான் உங்கள அதயா செய்யச் சொன்னேன்?”

“இல்லம்மா. நெட் கட்டாவறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நானாதான் செஞ்சேன்.”

“வெள்ளிக்கிழமை ஆட்டோவுல போட்டீங்க. எனக்கு ஒரு போன் பண்ணல.”

“பண்ணல.”

அதன் பிறகுதான் அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதியில் கையை இறக்கிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெகுநேரம் அழுதார்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வளவனூருக்குப் போய் அவர்கிட்ட சொல்லுங்க.”

“வாம்மா, ரெண்டு பேரும் போலாம்.”

“நான் வரல. நான் வந்தா, நான்தான் சொல்லிக்குடுத்துக் கூட்டிக்கினு வந்தேன்னுவாங்க. நீங்க தனியாப் போங்க. இதையும் எடுத்துக்கினு போங்க, எங்கண்ணு முன்னால இருக்க வேணாம்” என்று பெல்லைக் கழற்றி என் கையில் திணித்தார்.

5. வளவனூர்

மறுநாள் லீவு போட்டேன். சுமதி வீட்டு ஹாலில் இருந்து கழற்றிய மெயின் பெட்டி, அந்தப் பெல், என் கையெழுத்துப் போட்ட ஜாப் ஷீட், மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறி, அங்கிருந்து வளவனூர். மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “உன் தலையெழுத்து, போ” என்றார்.

அண்ணன் பெயர் ஏழுமலை. கரும்பு பயிர் வைக்கிறவர், நல்ல உயரம். வீட்டு முன்னறையில் தம்பி வரதன் படுத்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் ஏழுமலை முகம் மாறியது.

“அவ அனுப்பிச்சாளா?”

“நான் சொல்லவேண்டியது இருக்குதுங்க. கேட்டுட்டு என்ன வேணா செய்யுங்க.”

சொன்னேன். முழுவதும் கேட்கவில்லை, நடுவிலேயே எழுந்துவிட்டார். “கத கட்றியாய்யா? நெட்டுக்கும் பெல்லுக்கும் இன்னா? அவளக் காப்பாத்த வந்துட்டியா?” என்று என் சட்டையைப் பிடித்தார். நான் ஜாப் ஷீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிடியை விட்டு அதைப் படித்தார். நம்பினது மாதிரி தெரியவில்லை.

“உங்க வூட்ல நெட் இருக்குதுங்களா?”

“பசங்களுக்காகப் போட்டது இருக்குது. ஏன்?”

நான் கொண்டுபோன பெட்டியின் ஒயரை அவர்கள் வீட்டு மோடத்தில் சொருகினேன். சுமதி வீட்டு வைஃபை பெயர் அப்படியே அந்தப் பெட்டியில் இருந்தது. சேனலை 13-இல் போட்டேன். பெல்லை ஏழுமலை கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். அதில் சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்தது, வைஃபை கிடைக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி அழுத்தினார், சிவப்பு. “இதுல இருக்கிறது புதுப் பேட்டரிங்க. அவங்க மாத்தினது” என்றேன்.

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. வரதன்தான். குழறலாக, மெதுவாக, ஆனால் புரிந்தது.

“அதே செவப்பு. அன்னிக்கி அதான் எரிஞ்சிது.” மூச்சு வாங்கிக்கொண்டார். “முன்னெல்லாம் நெட்டு கட்டாவும். கட்டானா அவ கீழ ஓடியாந்து என்னப் பாத்துட்டுப் போவா. அன்னிக்கி கட்டே ஆவல.”

எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. 2.4-ஐ மட்டும்தான் நான் இத்தனை நாள் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். 5-இல் நான் சரியாகச் செய்த வேலையும் அந்த மனிதனைத் தனியாக விட்டிருக்கிறது. ஆட்டோவின் கோளாறு என்று நான் திட்டிய அந்த ஒரு நிமிட இடைவெளியில்தான் அவள் படி இறங்கி வந்திருக்கிறாள்.

சேனலை 6-க்கு மாற்றினேன். “இப்ப அழுத்துங்க.”

ஏழுமலை அழுத்தினார். பச்சை எரிந்தது. பச்சையைக் காட்டத்தான் நான் அதைச் செய்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. அரை நிமிடம் ஆகவில்லை, ஏழுமலையின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், “அவதான்” என்றார். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, பெல்லு அடிக்குது மாமா! அவருக்குத் தலவலிக்குதா? வேர்க்குதா? மொதல்ல தலையத் தூக்கி ஒக்கார வைங்க! டியூப்பு எங்கனா மடங்கியிருக்குதா பாருங்க, கால்கிட்ட பாருங்க மாமா, இடுப்புக்குக் கீழ மாட்டிக்கும்! மாமா, கேக்குதா? நான் கெளம்பிட்டேன், இதோ பஸ்ஸுக்கு வந்துக்கினு இருக்கேன்!”

அவள் படியில் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. திண்டிவனத்திலிருந்து வளவனூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். அவள் அதை நினைக்கவே இல்லை.

ஏழுமலை போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஒண்ணும் இல்லம்மா. அவன் நல்லாத்தான் இருக்கான். நான்தான் அழுத்தினேன்.”

அந்தப் பக்கம் ஓட்டம் நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அழுகை.

“அழாதம்மா” என்றார் ஏழுமலை. அவ்வளவு உயரமான மனிதர், கட்டில் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வரதன் அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்:

“வூட்டுக்குப் போலாண்ணா.”

6. இப்போது

அந்த வாரமே ஏழுமலை தன் செலவில் வேன் வைத்துத் தம்பியைத் திண்டிவனத்தில் கொண்டுவந்து விட்டார். என்னை அவர் அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. “நீயா வந்து சொன்ன, அதனால வுடறேன். இல்லன்னா நடக்கறதே வேற” என்றார். அதுவே எனக்கு அதிகம். மேனேஜர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே ஜாப் ஷீட்டில் ஒரு வரி சேர்த்து அச்சடித்தார்: ‘பேட்டரியில் ஓடும் பெல், பட்டன் ஏதாவது உண்டா? அழுத்திப் பார்த்தீர்களா?’

பெட்டிகளை நான்தான் திரும்ப மாட்டினேன். 5-ஐ லாக் செய்தேன், சுமதி வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார், அவருக்கு நெட் நிற்காமல் ஓட வேண்டும். 2.4-ஐ 6-இல் போட்டேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குள் போய், வரதன் பக்கத்தில் நின்றேன். நான் அழுத்திப் பார்க்கவில்லை. அவர் வலது கட்டைவிரலால் அவரே அழுத்தட்டும் என்று காத்திருந்தேன். அதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாடியிலிருந்து சுமதி இறங்கி வந்து கதவருகே நின்று, என்னைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தார். “நெட் நல்லா ஓடுனாலும் மணிக்கு ஒரு வாட்டி எறங்கி வந்து பாரும்மா” என்றேன். “அத நீங்க சொல்ல வேணாம்” என்றார். சரிதான்.

மன்னித்துவிட்டேன் என்று சுமதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆட்டோவா மேனுவலா என்று கேட்கிறீர்கள். ஆட்டோ போட்டதால் வேலை போக இருந்த வீடும் அதுதான், மேனுவல் போட்டதால் உயிர் போக இருந்த வீடும் அதுதான். எதை வேண்டுமானாலும் போடுங்கள். போடுவதற்கு முன்னால், இந்த வீட்டில் யார் யாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். போட்ட பிறகு, அவர் கூப்பிட்டு, மற்றவர் வந்து எதிரில் நிற்கிறவரைக்கும் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.